நடுவோடைத் தண்ணீரில் வந்த பாலம்

தை பிறந்து குலுக்கல் முடிந்த மறுவாரத்தில் ஒரு காலை, மாசிலாமணி மாமா சுத்துவலையைத் தோணியில் ஏற்றிக்கொண்டு கோல் ஊன்றி நடுவோடைக்குப் போனபோது, அங்கே தண்ணீருக்குள் ஒரு பாலம் இருந்தது. மேலே வானம் எப்போதும்போல வெறுமையாகத்தான் கிடந்தது, காற்றில் தூணும் இல்லை, கம்பியும் இல்லை. தண்ணீரில் மட்டும், தலைகீழாக, இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும் வெள்ளைவெளேரென்று ஒரு சிமென்ட் பாலம் நின்றது, அதில் லாரிகள் சக்கரத்தை மேலே வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். வலையை இறக்கிப் பார்த்தார், அது தூணில் தட்டி ஒதுங்கியது. பிறகு வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தோணியைத் திருப்பிக்கொண்டு வந்து, கரையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம், நமக்கு முன்னாலேயே அங்கே ஆள் இறங்கியிருக்கிறது என்று சொன்னார்.

எங்கள் நாவலங்குப்பத்தில் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. உப்பங்கழியில் வலை வைக்கிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். யார் எந்தப் பாட்டில் எப்போது வைப்பது என்பதை வருஷத்துக்கு ஒருமுறை எல்லையம்மன் கோயில் வாசலில் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல், கிளிஞ்சலில் அந்த வீட்டுக் குறி, ஒரு வீட்டுக்கு நண்டுக்கால், ஒரு வீட்டுக்குப் பாய்மரம், ஒரு வீட்டுக்குப் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு கோடு. கல்யாணம் ஆன ஆண்பிள்ளைக்குத்தான் கிளிஞ்சல். அடுத்தவர் முறையில் வலை வைத்தால் என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் வைத்ததில்லை. ஒரு பாட்டில் முன்னாலேயே ஒருவர் இறங்கியிருந்தால் ஏன் எதற்கு என்று கேட்காமல் தோணியைத் திருப்புவதுதான் மரியாதை, அந்த மரியாதையில் எங்கள் ஊரை மிஞ்ச அந்தக் கழிக்கரையில் வேறு ஊர் இல்லை என்று எங்களுக்கு ஒரு நினைப்பும் உண்டு.

நடுவோடைதான் இருக்கிற பாடுகளிலேயே பெரியது. கடல் தண்ணீர் ஏறும்போது இறால் அந்த வழியாகத்தான் உள்ளே வரும், மடவை மீன் அங்கேதான் கூட்டம் கூடும், பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து அதன் ஓரச்சேற்றில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேய்வதைக் கரையிலிருந்து பார்த்தால் யாரோ ரோஸ் நிறப் புடவையைத் துவைத்து நீளத்துக்கு உலர்த்தியிருப்பது போல இருக்கும். அந்தப் பறவைகளுக்காகத்தான் கவர்மென்ட் கழியைச் சரணாலயம் என்று அறிவித்துக் கரையில் பலகை நட்டிருந்தது. நடுவோடை ஒரு வீட்டுக்குக் குலுக்கலில் விழுவது அப்பன் காலத்தில் ஒருதரம், மகன் காலத்தில் ஒருதரம். மாமாவின் அப்பாவுக்கு விழுந்த வருஷம்தான் அவர்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு ஏறியது. இந்தத் தடவை மாமாவுக்கு விழுந்தது, விழுந்த வருஷம் பார்த்து அங்கே பாலம் வந்து நின்றுகொண்டது.

அஞ்சலாட்சி அத்தைக்கு, அதாவது மாமாவின் சம்சாரத்துக்கு, வந்த கோபம் தெரு முழுக்கக் கேட்டது.

"கட்டாத பாலத்துக்கு வழி விட்டுட்டு வந்து நிக்குது பாரு மகராசன். ஊர்ல இருக்கிற நெழலுக்கெல்லாம் பாய் போட்டு ஒக்கார வெப்ப போலக்குது."

"வலை எறங்கல அஞ்சல. தூணு தட்டுது."

"தண்ணியில தெரியற தூணு தட்டுதா?"

"தட்டுது. வேணும்னா வந்து பாரு."

அத்தை போய்ப் பார்த்தாள். ஊரே போய்ப் பார்த்தது. ஊர்த் தலைவர் கன்னியப்பர் தோணியில் நின்றபடி கையை விட்டுத் தூணைத் தடவிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்றார். அன்றைக்குச் சாயங்காலம் கோயில் வாசலில் கூடிப் பேசினார்கள், ரொம்ப நேரம் பேசவில்லை. வந்துவிட்ட ஆளை எழுப்பி விரட்டுவது நம் பழக்கம் இல்லை, இந்த வருஷத்து நடுவோடை முறை பாலத்துக்குப் போகட்டும், மாசிலாமணிக்கு அடுத்த தையில் குலுக்காமலேயே கொடுத்துவிடலாம் என்று முடிவானது. ஒரு புதுக் கிளிஞ்சல் எடுத்து, அதில் நிற்க இரண்டு கோடும் படுக்க ஒரு கோடும் கீறி, மற்ற வீட்டுக் கிளிஞ்சல்களோடு சேர்த்துப் பானையில் போட்டார்கள். மாமா பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது, வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பாலத்தோடு நாங்கள் இருந்த இருப்பைச் சொன்னால் இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். தலைகீழாக இருப்பதை நிமிர்த்திப் பார்ப்பதற்குப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், கரைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவில் தலையை விட்டுப் பார்த்தால் பாலம் ஒழுங்காக நின்றது, லாரி ஒழுங்காக ஓடியது. பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்களும் அப்படியே பார்க்கப் பழகினார்கள், சாயங்காலமானால் கழிக்கரையில் வரிசையாக வேட்டியும் புடவையும் குனிந்து நிற்கும், கன்னியப்பர்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்து அப்படி நின்றதுண்டு. பொழுது சாய்ந்தால் பாலத்து விளக்குகள் தண்ணீருக்குள் எரியும், அந்த வெளிச்சத்தில் கரையோரத்து வீட்டுப் பெண்கள் இறால் தோல் உரித்தார்கள், மண்ணெண்ணெய் மிச்சம் என்று சொல்லிச் சிரித்தார்கள். டீக்கடை வரதன் தண்ணீரில் ஜனம் நிறையத் தெரிகிற இடத்துக்கு எதிரே தன் கடையைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் போட்டான். கோவிந்தம்மாள் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தவள், பாலத்தில் ஸ்கூட்டரில் பின்னால் தன் பெண் உட்கார்ந்து போவதைப் பார்த்துவிட்டு, ஓட்டுகிறவன் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு மீஞ்சூர் சந்தையிலும் பொன்னேரி பஸ் ஸ்டாண்டிலும் அலைந்து அவனைக் கண்டுபிடித்தே விட்டாள், கல்யாணமும் நடந்தது. பூநாரைகளும் எங்களைப் போலத்தான். வந்த புதிதில் தூண்களுக்கு நடுவே இறங்கிப் பார்த்தன, லாரி போவதைப் பார்த்து இறக்கையை அடித்துக்கொண்டு எழுந்தன, பிறகு பாலம் தெரிகிற எல்லைக்கு வெளியே ஒதுங்கிப்போய் நின்றன. தோணிகளும் தூண் இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின. பொம்பளைகளும் இறால் பிடிக்க அந்தப் பக்கம் இறங்குவதை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பாலத்தில் பஸ்ஸும் போனது. பச்சை நிற பஸ், பொழுது இறங்கும் நேரத்துக்கு அக்கரையிலிருந்து இக்கரைக்கு வரும். ஒருநாள் அஞ்சலாட்சி அத்தை மற்றவர்களோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த பஸ்ஸில் ஜன்னலோரமாக அவளுடைய மகன் தணிகாசலம் உட்கார்ந்திருந்தான்.

தணிகாசலம் ஊரைவிட்டுப் போய் அப்போது சில வருஷம் ஆகியிருந்தது. தனக்கும் ஒரு கிளிஞ்சல் வேண்டும் என்று கோயில் வாசலில் நின்று கேட்டான். கல்யாணம் ஆகாதவனுக்குப் பாடு கிடையாது என்றார்கள். பொண்டாட்டி வந்தாத்தான் மீன் வலையில விழுமா என்று கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், அவன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவன் போனான். குஜராத் பக்கம் எங்கோ கடற்கரையில் பழைய கப்பல் உடைக்கிற வேலையில் இருக்கிறான் என்று கேள்வி. கடுதாசி இல்லை, வரவும் இல்லை. அப்படிப் போனவன் மடியில் பையை வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஊருக்கு வந்துகொண்டிருந்தான். அத்தை நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், யாரிடமும் எதுவும் சொல்லாமல், பாலத்தைத் திட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு பொழுது இறங்கினால் அவள் கரையில் இருப்பாள். முட்டி வலிக்கிற வயசில் குனிந்து, கால்களுக்கு நடுவில் தலையை விட்டு, பஸ் வரும்வரை அப்படியே நிற்பாள். அவளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று அந்த இடத்தில் வேறு யாரும் நிற்க மாட்டார்கள்.

மாசி மாதத்தில் பட்டணத்திலிருந்து பிரபாவதி மேடம் வந்தார்கள். புதுத் துறைமுகத்துக்கு ரோடு வரப்போகிறது, ரோடு கழியைத் தாண்டப் பாலம் வரப்போகிறது, பாலம் வந்தால் சரணாலயத்துக்கும் அதை நம்பி இருக்கிற ஜனத்துக்கும் என்ன பாதிப்பு என்று பார்த்து எழுதிக் கொடுப்பதற்காக ஒரு கம்பெனி அவர்களை அனுப்பியிருந்தது. பறவை படித்தவர்கள், கழுத்தில் தொலைநோக்கி, காலில் கான்வாஸ் செருப்பு, மெதுவான பேச்சு. மாமாதான் தோணியில் கூட்டிப்போனார். தண்ணீருக்குள் இருந்த பாலத்தை மேடம் பார்த்தார்கள். பையிலிருந்து வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு தூண் இருக்கும் இடமெல்லாம் சரியாக இருக்கிறது, கைப்பிடிச் சுவரின் கலர் மட்டும்தான் வேறே என்று சொன்னார்கள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசிப் பார்த்தார்கள். இரைச்சலை அளக்கிற பெட்டியைப் பாலத்துக்கு நேரே பிடித்தார்கள், லாரி மேல் லாரியாகப் போய்க்கொண்டிருந்தது, பெட்டியின் முள் அசையவில்லை. பறவை இங்கே மேய்வதில்லையா என்று கேட்டார்கள். இல்லை, அதுகளும் மரியாதை தெரிந்தவை என்று மாமா சொன்னார். நீங்கள் யாரும் இங்கே வலை வைப்பதில்லையா என்று கேட்டார்கள். சத்தியமாக இல்லை என்று மாமா சொன்னார், பொம்பளைகள்கூட இறங்குவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார், சொல்லும்போது அவருக்குத் தன் ஊரை நினைத்து நெஞ்சு நிறைந்திருந்தது.

சித்திரையில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஷாமியானா, மின்விசிறி, பிஸ்கட், மோர். ஊர் முழுக்கக் குளித்து முழுகிப் போய் உட்கார்ந்திருந்தது. பிரபாவதி மேடம் எழுதியதை ஒரு அதிகாரி வாசித்தார். நாவலங்குப்பம் என்று பெயர் வந்ததும் எங்களுக்குப் பெருமை தாங்காமல் கை தட்டினோம். கை தட்டி முடித்த பிறகுதான் மிச்சத்தைக் கேட்டோம். பாலம் அமையும் பகுதியில் பறவைகள் மேய்வதில்லை, மீன்பிடிப்பு நடப்பதில்லை, பெண்கள் இறால் எடுப்பதில்லை, அந்த இடத்தை நம்பி வாழ்கிறவர் எவரும் இல்லை, ஆகவே பாலத்தால் பாதிப்பு சொல்லும்படியாக இராது.

மேடையில் உட்கார்ந்திருந்த மேடத்தைப் பார்த்துக் கன்னியப்பர் எழுந்து நின்றார். "அம்மா, அது எங்க பாடும்மா. இருக்கிறதுலயே பெரிய பாடு."

"அங்க வலை வெக்கிறதில்லைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க."

"இந்த வருஷம் பாலத்தோட மொறைம்மா. அதான் நாங்க ஒதுங்கிகினோம்."

மேடம் எழுந்து மைக்குக்கு முன்னால் வந்தார்கள். அவர்கள் முகத்தில் கேலி இல்லை என்று அங்கே இருந்த எல்லோரும் சொல்வார்கள். "அதை நான் எழுத முடியாது ஐயா. கண்ணால பார்க்கிறதைத்தான் எழுத முடியும். மழை முடிஞ்சு மார்கழியில இன்னொரு தடவை வருவேன். அப்போ என்ன பார்க்கிறேனோ, அதையும் இதே மாதிரி எழுதுவேன்."

திரும்பி வரும்போது ஆளுக்கு ஆள் கையில் பிஸ்கட் இருந்தது, அதைத் தின்னவும் மனசில்லை.

பாலத்திடமிருந்து முறையைத் திரும்ப வாங்குவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. கோடையில் மணல் தள்ளி முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும், கடல் தண்ணீர் உள்ளே வராது, கழி கொதிக்கும். அப்போது பாடு வைத்திருக்கிற வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டித் திறக்க வேண்டும். வராதவருக்கு அந்த வருஷத்து முறை போய்விடும். அது பெரியவர்கள் வைத்த சட்டம், அதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. வைகாசியில் நாள் குறித்தார்கள், ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள், பாலத்துக்குச் சொல்லும் பொறுப்பு மாசிலாமணி மாமாவுக்கு வந்தது. அவர் தோணியில் போய்த் தூண்களுக்கு நடுவில் நின்று, நாளைக்கு முகத்துவாரம் வெட்டுகிறோம், பாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று முறைப்படி சொன்னார். சொல்லிவிட்டு, முடியாவிட்டால் பரவாயில்லை என்றும் சொல்லிவிட்டு வந்தார், அது அவர் சுபாவம்.

பாலம் வந்தது. மறுநாள் எல்லோரும் மணலில் இறங்கி வெட்டத் தொடங்கியபோது, நடுவோடைத் தண்ணீரில் கிடந்த பாலம் மெல்ல மெல்ல நீண்டு, கழியின் மேலாகவே வந்து, முகத்துவாரத்து ஈரமணலில் ஏறி, வெட்டுகிறவர்கள் தலைக்கு மேல் அகலமாக நிழலாய் விழுந்தது. அப்படிக் குளிர்ச்சியான நிழலில் எங்கள் ஊர் வாய்க்கால் வெட்டியதே இல்லை. எப்போதும் ஒன்றிரண்டு பேர் வெயிலில் மயங்கி விழுவார்கள், அந்த வருஷம் யாரும் விழவில்லை, பாட்டுக்கூடப் பாடினார்கள். பொழுது சாயக் கடல் உள்ளே பாய்ந்தது. எல்லோரும் கன்னியப்பரைப் பார்த்தார்கள்.

"வந்துச்சே" என்றார் கன்னியப்பர். "என்னா செய்யறது. வந்துச்சு, காலைலேர்ந்து நின்னுச்சு. நம்ம வீட்டு ஆம்பளைங்க பாதிப் பேரு பீடி குடிக்கப் போய்ட்டானுங்க, அது எங்கேயும் போவல."

ஆக, முறை பாலத்துக்கே நின்றது. ஆண்பிள்ளைகள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஆடி போய், ஐப்பசி மழை பெய்து, கழி நிறைந்து, பூநாரைகள் திரும்ப வந்து எல்லைக்கு வெளியே வரிசை பிடித்து நின்றன. மார்கழி வந்துகொண்டிருந்தது. மேடம் வந்து பார்த்தால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், வெறும் தண்ணீர் என்றுதான் எழுதுவார்கள்.

பாடு வலைக்குத்தான், கைக்கு இல்லை என்பதை முதலில் சொன்னது யார் என்று இப்போது கேட்டால் நாலு வீட்டுப் பெண்கள் நான்தான் என்பார்கள். விஷயம் அதுதான். வலை போடத்தான் குலுக்கல், வலை போடத்தான் கிளிஞ்சல். பொம்பளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலையில் பின்னிய பறியின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதற்கு எந்தக் காலத்திலும் முறை கிடையாது, எந்தப் பாட்டிலும் இறங்கலாம். அந்த வருஷத்துக்கு முன்புவரை நடுவோடையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆண்பிள்ளைகள் ஒதுங்கினார்கள் என்று இவர்களும் ஒதுங்கினார்களே தவிர, இவர்களைக் கட்டுப்படுத்துகிற சட்டம் எதுவும் இல்லை. மேடம் வரும் நாளில் நாம் இறங்கிவிட்டால் யாரும் வரம்பு மீறியதாகாது என்று பெண்கள் இறால் காயவைத்த இடத்தில் பேசிக்கொண்டார்கள்.

பேசினார்களே தவிர ஒருத்தியும் இறங்க முன்வரவில்லை. கால் பட்டால் சேறு கலங்கும், சேறு கலங்கினால் பாலம் தெரியாது. அந்தப் பாலத்தில் யார் வந்துகொண்டிருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். கோவிந்தம்மாள் அத்தை வீட்டுக்கு வந்து வெகுநேரம் கோலமாவைப் பற்றியும் கோழியைப் பற்றியும் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "நீ எறங்கினா நாங்க எறங்குவோம் அண்ணி. நீ எறங்கலேன்னா யாரும் எறங்கல. ஒருத்தர் மேலயும் ஒருத்தருக்கு வருத்தம் இல்ல."

கோவிந்தம்மாள் போன பிறகு அத்தை மாமாவுக்குச் சோறு போட்டாள். அவர் தின்றுகொண்டே, அதுவரை ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்.

"பஸ்ஸுல பையன் எப்பிடி இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான். ஒடம்பு கொஞ்சம் போட்டிருக்கான். காதாண்ட நரைச்சிருக்கு."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நரைச்சிருக்கா?"

"ஆமா. மீசையும்."

"அவனுக்கு நரைக்கிற காலம்னா," என்றார் மாமா மெதுவாக, "அப்போ நாம ஏது அஞ்சல?"

அத்தை கையில் குழம்புக் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதம் அந்த முகத்தை நிமிர்த்திப் பார்க்கக் குனிந்தவள், அந்த நரையையும் தினந்தினம் பார்த்தவள், இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. பையன் மடியில் வைத்திருந்த பை அவளுக்கு ஞாபகம் வந்தது, நல்ல கனமான பை, யாருக்கோ ஏதோ வாங்கிக்கொண்டு வருகிற பை. கரண்டியைக் குழம்பில் வைத்துவிட்டு, பரணிலிருந்து பறியை எடுத்து, ஓலை விட்டுப்போன இடத்தைத் தைக்க உட்கார்ந்தாள்.

மேடம் வந்த அன்று காலையில் பனி விலகி வெயில் ஏறிய பிறகு பெண்கள் கரையில் கூடினார்கள். பாலம் அன்றைக்கு எப்போதையும்விடத் துலக்கமாக இருந்தது, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கை வரை தெரிந்தது. அஞ்சலாட்சி அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. நேராக பஸ் வருகிற இடத்துக்குப் போய் நின்றாள். அது பஸ் வரும் நேரம் இல்லை, ஆனால் வந்தது. அவள் காலடியில் தண்ணீருக்குள் பச்சையாக வந்து, தணிகாசலம் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி தூங்கிக்கொண்டு போனான், அவள் எட்டித் தொடுகிற தூரத்தில் போனான். அவன் போய் முடிகிறவரை அத்தை அசையாமல் நின்றாள். பிறகு பறியின் வாரைப் பல்லில் கடித்தாள், குனிந்தாள், இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவினாள். அடியிலிருந்து கறுப்பாகச் சேறு புரண்டு எழுந்து பஸ் போன தடத்தை மூடியது.

அவள் பின்னால் கோவிந்தம்மாள் இறங்கினாள், அவள் பின்னால் அவள் பெண் இறங்கினாள், பிறகு எல்லோரும் இறங்கினார்கள். தூண் காலில் தட்டும் என்று பயந்தவர்களுக்கு ஒன்றும் தட்டவில்லை, பழைய வழுவழுப்பான சேறுதான், பழைய இறால்தான் விரலுக்கு நடுவில் துள்ளியது. பல்லில் வார் இருந்ததால் பேச முடியாமல் எல்லோரும் மூக்கால் சிரித்தார்கள். கலங்கின சேற்றிலிருந்து புழுவும் பூச்சியும் மேலே வர, முதலில் கொக்கு வந்தது, பிறகு எல்லைக்கு வெளியே நின்ற பூநாரைகள் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து உள்ளே வந்தன, வந்து பெண்களுக்குப் பக்கத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் அந்த நீளத்துக்கும் குனிந்த முதுகுகளும் குனிந்த கழுத்துகளும்தான் இருந்தன.

பிரபாவதி மேடம் மாமாவின் தோணியில் வந்து இதைப் பார்த்தார்கள். அத்தைக்குப் பக்கத்தில் தோணியை நிறுத்தச் சொன்னார்கள்.

"எத்தனை நாளா அம்மா இங்க இறால் எடுக்கிறீங்க?"

அத்தை வாரைப் பல்லிலிருந்து எடுத்தாள். "எங்க அம்மா எடுத்தாங்க, அவங்க மாமியா எடுத்தாங்க. நடுவுல இந்த ஒரு வருஷம் எறங்கல."

"ஏன்?"

"மரியாதைக்கு."

மேடம் தொலைநோக்கியைக் கழற்றித் தோணிப் பலகையில் வைத்தார்கள். கான்வாஸ் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, மாமா கை கொடுக்கக் கொடுக்க அதைப் பிடிக்காமல், தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். பறவைகள் அவர்களுக்காக எழவில்லை. அவர்கள் கால் வைத்த இடத்தில் மிச்சம் இருந்த ஒரு தூண் ஆடி, நெளிந்து, கலைந்து போனது.

அவர்கள் எழுதியது அந்தத் தடவை எங்களுக்கு வாசிக்கப்படவில்லை. துறைமுகத்து ரோடு சரணாலயத்துக்குத் தெற்கே, கழியே இல்லாத மேட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவதாக முடிவானது என்று வரதன் கடையில் பேப்பர் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். தண்ணீரில் இருந்த பாலம் உடனே போய்விடவில்லை. தினமும் பெண்கள் இறங்க இறங்க, ஒருநாள் லாரிகள் போயின, ஒருநாள் கைப்பிடிச் சுவர் போனது, தூண்கள் சுண்ணாம்புக் கரைசல் போல மங்கின. விளக்குகள் மட்டும் கொஞ்ச நாள் தனியாக, எதிலும் ஒட்டாமல், தண்ணீருக்குள் எரிந்துகொண்டிருந்தன. தையில் மாமா தன் முறைக்கு நடுவோடையில் வலை வைத்தார், மடவை அள்ளிக்கொண்டு வந்தது, ஆனாலும் தூண் இருந்த இடத்தில் தோணி தானாக வளைந்துதான் போனது.

அது இல்லாமல் போனபிறகு எங்கள் ஊர் அதற்காக ஏங்கியது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. விளக்கணைந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பெண்கள் இறால் உரிப்பதை நிறுத்தி நிறுத்தி உரித்தார்கள். வரதன் கடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக மனசில்லாமல், யாரும் நடக்காத தண்ணீரைப் பார்த்தபடி அங்கேயே டீ ஆற்றினான். கோவிந்தம்மாளின் மருமகன் ஸ்கூட்டர் வாங்கினான், அதை ஓட்டிப் போகப் பாலம்தான் இல்லை, தோணியில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாங்கள் வேண்டாம் என்று கலைத்ததுதான், எங்கள் கையால், எங்கள் காலால் கலைத்ததுதான். ஆனாலும் ஒரு வருஷம் கூட இருந்து, கிளிஞ்சல் வாங்கி, கூப்பிட்டதும் வந்து வெயிலுக்கு நின்ற ஒன்றை அப்படி லேசாக மறந்துவிட முடியுமா. இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கழிக்கரையில் குனிந்து கால்களுக்கு நடுவில் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, அப்படிப் பார்ப்பது அந்தக் கரையின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அஞ்சலாட்சி அத்தை பொழுது இறங்கும் நேரத்தில் கரைக்குப் போவதை விட்டுவிட்டாள். பையன் எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கிறான் என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவரை அவனைத் தேடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அவன் வருவானா என்று அவளுக்குத் தெரியாது, எங்கள் எல்லோரையும் போல. மாசி பிறந்து ஒருநாள், குஜராத்தில் வேலை செய்கிற பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கொடுத்த நம்பரை மடியில் முடிந்துகொண்டு வரதன் கடைக்கு வந்து, போன் போட்டுத் தரச் சொன்னாள். வரதன் போட்டுக் கொடுத்தான். மாமா வெளியே நின்று கடலைப் பார்ப்பதுபோல நின்றார். அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம் கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது, யார் யாரையோ கூப்பிட்டார்கள், ரொம்ப நேரம் ஆனது, அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தணிகா," என்றாள். "அம்மாடா."

அவன் என்ன சொன்னான் என்று எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

"பாலமெல்லாம் வரலடா. வராது. நீ அதுக்குன்னு இருக்காத. அக்கரையில வந்து நின்னு ஒரு கொரல் குடு, அப்பா தோணிய எடுத்துகினு வரும்."

வெளியே நின்ற மாமா அதைக் கேட்டுவிட்டு, இன்றைக்கே யாரோ கூப்பிட்டுவிட்ட மாதிரி, தோணி கட்டியிருந்த பக்கம் நடந்தார்.